அந்தப் பழைய பதிவுக்கு ஒரு திருத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்.

நேற்றுக் காலை ஃபேஸ்புக்கைத் திறந்ததும், நான்கு வருடத்துக்கு முன்னால் இதே நாளில் நான் எழுதிய ஒரு பதிவை அதுவாகவே எடுத்து முன்னால் வைத்தது. 2021 மே மாதக் கடைசி. தளர்வுகளற்ற ஊரடங்கு. என் பேத்தி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "வெள்ளை உடை போட்டால் மட்டும் போதாது, நெஞ்சில் ஈரம் வேண்டும்" என்று தொடங்கி, அவளை வைத்திருந்த ஆஸ்பத்திரியின் நர்ஸுகளைப் பெயர் சொல்லாமல், ஆனால் ஒரு வார்த்தை பாக்கி வைக்காமல் திட்டியிருந்தேன். உங்களில் நிறையப் பேர் லைக் போட்டிருக்கிறீர்கள். "சரியாச் சொன்னீங்க டீச்சர்" என்று வரிசையாகக் கமெண்டுகள்.

அழித்துவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். தப்பாகப் போட்ட கணக்கை ரப்பர் வைத்து அழிக்காதீர்கள், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாகப் போடுங்கள், எங்கே தப்பு வந்தது என்று தெரியட்டும் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதனால் அந்தப் பதிவு அங்கேயே இருக்கட்டும். இது பக்கத்தில் போடுகிற கணக்கு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உறவுக்காரர்களுக்குப் பாதி தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது.

என் மகளுக்கு அப்போது எட்டாம் மாதத் தொடக்கம். 32 வாரம். திடீரென்று ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இனிமேல் காத்திருந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை 1,480 கிராம். ஒன்றரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிட 20 கிராம் குறைவு. அன்று சாயங்காலம் மகளுக்குக் கொரோனா பரிசோதனை முடிவு வந்தது. பாசிட்டிவ்.

அந்த நிமிடத்திலிருந்து தாய் கீழ்த்தளத்தில் கோவிட் வார்டில். பிள்ளை மூன்றாம் மாடியில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில். இருவருக்கும் நடுவில் இரண்டு மாடிதான். ஆனால் மகள் தன் பிள்ளையை முதன்முதலாகத் தொட்டது பதினேழாம் நாள்.

மாப்பிள்ளையை ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளே விடவில்லை. நான் இ-பதிவு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்து, எதிரில் பூட்டிக் கிடந்த கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு போன் வரும். "குழந்தை ஸ்டேபிளா இருக்கு." அவ்வளவுதான். முதல் ஒன்பது நாளில் இரண்டே இரண்டு தடவை வீடியோ காட்டினார்கள். ஒரு தடவை கை மறைத்தது, ஒரு தடவை படம் உறைந்து நின்றுவிட்டது.

"பாலைப் பீய்ச்சிக் கொடுத்து அனுப்பட்டுமா?" என்று மகள் கேட்டிருக்கிறாள். கோவிட் வார்டிலிருந்து எதுவும் மேலே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாலாம் நாள் பால் கட்டிக்கொண்டு அவளுக்குக் காய்ச்சல். அது கொரோனாக் காய்ச்சலா பால் காய்ச்சலா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மேலே குழந்தைக்கு டப்பாப் பால்.

ஒன்பதாம் நாள் ராத்திரி நான் அந்தப் பிரிவுக்குப் போன் போட்டேன். ஒரு சிஸ்டர் எடுத்தார். சின்ன வயதுக் குரல். நான் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஏம்மா, நீயும் ஒரு பொம்பளைதானே? உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஏதோ மிஷின் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அப்புறம், "ரூல்ஸ்மா. நான் என்னம்மா பண்றது" என்றார். போனை வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி எழுதியதுதான் அந்தப் பதிவு.

அதைப் போட்ட மறுநாள் எனக்கு ஒரு போன் வந்தது. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். பெயர் வேண்டாம், அவளுக்குச் சங்கடம் வரக் கூடாது. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். கேட்டால்தான் பேசுவாள், ஆனால் பதில் சரியாக இருக்கும். வேறொரு மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில், அதே மாதிரிப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸாக இருந்தாள். தொகுப்பூதியம். நிரந்தரம் ஆகவில்லை.

குழந்தையைப் பற்றி விசாரித்தாள். எடை கேட்டாள், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். "பயப்படாதீங்க டீச்சர், 32 வாரம், நல்லா வந்துரும்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க போஸ்ட் படிச்சேன் டீச்சர். லைக் போடலை. கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

"உங்க ஊரிலயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"நீங்க கணக்கு டீச்சர்தானே, நான் சொல்றேன், போட்டுப் பாருங்க. நேத்து நைட் டியூட்டி. எங்க வார்டுல எப்பவும் நாலு பேர் இருப்போம். ரெண்டு பேரைக் கோவிட் வார்டுக்கு எடுத்துட்டாங்க. ஒருத்திக்குக் காய்ச்சல், வீட்ல தனிமைல இருக்கா. நான் ஒருத்திதான். பதினாலு குழந்தை. அதுல ரெண்டுக்கு ரொம்ப முடியலை, ஊசிவழியா மட்டும்தான் எல்லாம். மத்த பன்னெண்டுக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுக்கணும். டியூப் வழியா, இல்லைன்னா பாலாடைல சொட்டுச் சொட்டா. புரை ஏறாமக் குடுக்க ஒரு குழந்தைக்குப் பத்து நிமிஷம். பன்னெண்டு மணி நேர டியூட்டி. எவ்வளவு வருது?"

நானும் மனசுக்குள் போட்டேன். நீங்களும் போடுங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு தடவை. பன்னிரண்டு குழந்தை. எழுபத்திரண்டு தடவை பால். தடவைக்குப் பத்து நிமிடம். 720 நிமிடம். அதாவது சரியாகப் பன்னிரண்டு மணி நேரம்.

"மீதி எவ்வளவு டீச்சர்?" என்றாள்.

பூஜ்ஜியம்.

அந்தப் பூஜ்ஜிய நேரத்தில்தான் துணி மாற்ற வேண்டும், உடம்புச் சூடு பார்க்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், மிஷின் கத்தினால் ஓட வேண்டும், எழுத வேண்டியதை எழுத வேண்டும். அந்த ரொம்ப முடியாத இரண்டு குழந்தைகளையும் அந்தப் பூஜ்ஜியத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கவச உடை போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. இதற்கு நடுவில் போன் அடிக்கும். எடுத்தால் என்னைப் போல ஒருத்தி, "உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?" என்று கேட்பாள்.

அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன் இருந்தான். அம்மா வீட்டில் விட்டிருந்தாள். "இருபத்தி நாலு நாளாச்சு டீச்சர் அவனைத் தூக்கி" என்றாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அப்புறம் ஒன்று சொன்னாள். அதைக் கேட்டுத்தான் இந்த நான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "கொரோனாவுக்கு முன்னாடி இந்த வேலையில பாதி அம்மாக்கள் பார்ப்பாங்க டீச்சர். நாங்க சொல்லிக்குடுப்போம், அவங்க பாலாடைல குடுப்பாங்க, துணி மாத்துவாங்க, நெஞ்சில கட்டிக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருப்பாங்க. ஏதாவது ஒண்ணுன்னா எங்களுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் தெரியும். இப்ப எல்லாரையும் வெளியில நிறுத்தியாச்சு. அவங்க அங்க அழுறாங்க. நாங்க இங்க சாகுறோம்."

என் தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. நான் தாயை ஒரு பக்கமும் நர்ஸை எதிர்ப் பக்கமும் நிறுத்திக் கணக்குப் போட்டிருந்தேன். அவர்கள் இருவரும் ஒரே பக்கம். அந்தக் கதவை மூடியபோது உள்ளே மாட்டிக்கொண்டது நர்ஸ், வெளியே மாட்டிக்கொண்டது தாய். மூடியது இரண்டு பேருமே இல்லை. எய்தவன் இருக்க அம்பை நொந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அந்த மாணவி சிலதை அனுப்பினாள், மருத்துவம் படித்த பழைய மாணவர்கள் இரண்டு பேர் புரியாத இடத்தை விளக்கினார்கள். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இதற்கு "குடும்பத்தை மையமாகக் கொண்ட பராமரிப்பு" என்று பெயர். குறைமாதக் குழந்தையின் சிகிச்சையில் பெற்றோர் பார்வையாளர்கள் இல்லை, பங்காளிகள் என்பதுதான் இதன் சாரம். இது பணக்கார நாடுகள் சொகுசுக்காகக் கண்டுபிடித்தது என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லை. இல்லாமையில் பிறந்தது.

1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனை. ஏழை ஜனங்கள் வருகிற இடம். இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள். ஒன்றின் தொற்று இன்னொன்றுக்குப் பரவியது. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் ஒட்டும்படி கட்டிவிடச் சொன்னார். தாயின் உடம்புச் சூடே இன்குபேட்டர். இன்று உலகம் முழுக்கக் கங்காரு பராமரிப்பு என்று சொல்வது அதைத்தான்.

அடுத்த வருடம், 1979-இல், அப்போது சோவியத் யூனியனில் இருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரம். அங்கே பற்றாக்குறை மிஷினுக்கு இல்லை, நர்ஸுக்கு. ஆதிக் லெவின் என்ற மருத்துவர், நர்ஸுகள் போதவில்லை என்றால் தாய்மார்களை உள்ளே கூப்பிடுவோம் என்று முடிவு செய்தார். இரவும் பகலும் தாய் குழந்தையோடு இருந்தாள். மருந்தும் ஊசியும் நர்ஸின் பொறுப்பு. மற்றதைத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்வதும் நர்ஸின் பொறுப்பு.

அதைப் பார்த்துவிட்டு வந்த டொராண்டோ மருத்துவர் ஷூ லீயும் அவருடைய குழுவும் தங்கள் நாட்டில் செய்து பார்த்தார்கள். பிறகு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 26 பிரிவுகளில் முறைப்படி ஆய்வு செய்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். தாயோ தந்தையோ நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் கூட இருந்து பார்த்துக்கொண்ட குழந்தைகள் நன்றாக எடை கூடின. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

இங்கே கவனியுங்கள். நர்ஸ் குறைவாக இருந்த இடத்தில் அவர்கள் தாயை உள்ளே கூப்பிட்டார்கள். 2020-இலும் 2021-இலும் நாம் நர்ஸையும் குறைத்தோம், தாயையும் வெளியே தள்ளினோம். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வெட்டிக்கொண்டோம்.

நம் நாட்டுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இலேயே, அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குடும்பத்தினரும் பங்கெடுக்க வேண்டும் என்று வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. கை கழுவுவதில் தொடங்கி எதை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என் மாணவி சொன்னதும் அதைத்தான்.

இன்னொரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, டான்சானியா என்று ஐந்து நாடுகள். இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வழக்கமான முறை: முதலில் தனியாக வைத்து நிலைமை சீரானதும் தாயிடம் கொடுப்பது. இன்னொரு பகுதிக்குப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உள்ளேயே தாய்க்கும் கட்டில். 28 நாளுக்குள் இறந்தவை முதல் பகுதியில் 15.7 சதவீதம், இரண்டாம் பகுதியில் 12 சதவீதம்.

3.7 சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 27 குழந்தைகளைத் தாயோடு வைத்தால் அதில் ஒரு உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது என்று அர்த்தம். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்ற குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அது அச்சில் வந்தது 2021 மே மாதம். என் பேத்தி மூன்றாம் மாடியில் தனியாகக் கிடந்த அதே மாதம். 1,480 கிராம். அந்த ஆய்வில் சேர்த்திருக்கக்கூடிய எடை.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அது பொருந்தாது.

"டீச்சர், அது கொரோனாக் காலம், பயம் நியாயம்தானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். 2020 மார்ச்சில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு சிறு குழந்தைக்கு வந்தால் என்ன ஆகும், பாலில் பரவுமா, ஒரு நர்ஸ் மூலமாகப் பதினான்கு குழந்தைக்கும் போய்விடுமா என்ற பயத்தில் கதவை மூடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொற்று உள்ள தாயும் கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம், பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இலேயே சொல்லிவிட்டது. 2021 மார்ச்சில் இன்னும் தெளிவாகச் சொன்னது: எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் கங்காரு பராமரிப்பு கிடைத்தால் 1,25,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றலாம், கூட இருப்பதால் கொரோனா வந்து இறக்கக்கூடிய குழந்தைகள் 2,000-க்கும் குறைவு. இது ஒரு மதிப்பீடு. ஆனாலும் எந்தத் தட்டு தாழ்கிறது என்று பார்க்கக் கணக்கு டீச்சர் வேண்டியதில்லை.

அதே சமயத்தில் 62 நாடுகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் வேலை செய்பவர்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்குப் பேர், தொற்று உள்ள தாயைக் குழந்தையோடு தோலோடு தோல் வைத்துக்கொள்ள விடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. காரணம் நர்ஸின் கல்நெஞ்சு இல்லை. தாயை உள்ளே விட வேண்டும் என்றால் அவள் உட்கார நாற்காலி வேண்டும், படுக்கக் கட்டில் வேண்டும், கவசம் வேண்டும், கழிவறை வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இது எதையும் கொடுக்காமல் கதவைப் பூட்டச் சொல்வது சுலபம். சாவியை யார் கையில் கொடுத்தார்கள்? மாசச் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத ஒரு பெண்ணின் கையில். திட்டு வாங்கியதும் அவள்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அம்மாவே பார்த்துக்கொள்வாள், நர்ஸ் குறைவாக இருந்தால் போதும்" என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. அது குடும்பப் பராமரிப்பு இல்லை, இலவச வேலையாள் பிடிப்பது. ஆபரேஷன் ஆன பச்சை உடம்புக்காரி பயந்துபோய் வந்து நிற்பாள். அவளுக்குக் குழந்தையைத் தூக்கக் கை நடுங்கும். அந்த நடுக்கம் போகும்வரை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தர் நர்ஸ். அவள் அப்போது ஒரு டீச்சர். ஒரு வகுப்பில் அறுபது பிள்ளையைப் போட்டால் சொல்லிக்கொடுக்க முடியாது, மேய்க்கத்தான் முடியும் என்று எனக்குத் தெரியும். நர்ஸுக்கும் அப்படித்தான். மூன்று நான்கு குழந்தைக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்றுதான் படிப்பில் சொல்லித் தந்தார்களாம். பதினான்குக்கு ஒருத்தி என்றால் அவள் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பாள்?

அவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்றும் பார்த்துவிடுவோம். 2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து இருநூறு ஆண்டு. மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு நாமெல்லாம் வாசலில் நின்று கை தட்டினோம். நான் எவர்சில்வர் தட்டைத் தட்டினேன். மே 3-ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினார்கள். அப்புறம்? நம் தமிழ்நாட்டில் கொரோனா அவசரத்துக்கு எடுத்த ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல், 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது, நீட்டிப்பு இல்லை என்று சொல்லப்பட்டார்கள். புத்தாண்டு அன்று அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வேறு தற்காலிக வேலை தருகிறோம் என்றார்கள். கை தட்டிய நாம் அன்று எங்கே இருந்தோம்? நான் டிவியில் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றினேன். உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

எனவே என் கட்சி இதுதான். இன்னொரு பெருந்தொற்று வந்தாலும் வராவிட்டாலும், தாயைப் பார்வையாளர் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அவளும் சிகிச்சை செய்பவர்களில் ஒருத்தி. அவளால் வர முடியாவிட்டால் தகப்பனோ பாட்டியோ, ஒருத்தருக்காவது பயிற்சி கொடுத்து உள்ளே விட வேண்டும். பிறந்த உடனேயே தாயோடு சேர்க்க வேண்டும் என்று 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது. அதற்கேற்ற கட்டிலும் கழிவறையும் கட்டிடம் கட்டும்போதே வர வேண்டும். அதோடு நர்ஸ் எண்ணிக்கை கூட வேண்டும், வேலை நிரந்தரமாக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் இன்னொன்றும் நடக்காது. நர்ஸின் நேரம்தான் தாய்க்குக் கிடைக்கிற பயிற்சி. தாயின் கைதான் நர்ஸுக்குக் கிடைக்கிற ஓய்வு.

உங்களில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், டாக்டர்கள் இருக்கிறீர்கள், அரசாங்கத்தில் கோப்பு நகர்த்துகிற இடத்தில் சிலர் இருக்கிறீர்கள். அவர்களுக்கு இதுதான் என் வேண்டுகோள். மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று. நாளைக்கு உங்கள் வீட்டுக் குழந்தை அப்படி ஒரு பிரிவில் இருந்து, ஒரு நர்ஸ் போனை எடுத்தால், "நான் என்னம்மா உதவி பண்ணட்டும்?" என்று முதலில் கேளுங்கள். கேள்வி கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேளுங்கள், விதி எழுதியவரைக் கேளுங்கள். எழுதி வாங்குங்கள். கதவருகில் நிற்கிறவளைக் கடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால், என் மகளுக்கு ஒரு சிஸ்டர், டியூட்டி முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் இருந்து, பிள்ளையை எப்படி நெஞ்சில் கட்டிக்கொள்வது, கழுத்து எந்தப் பக்கம் இருக்க வேண்டும், நின்றுபோன பாலை எப்படி மறுபடி வரவைப்பது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். நடுவில், "உங்க அம்மா அன்னைக்கு போன்ல ரொம்ப வருத்தப்பட்டாங்க" என்றாராம்.

திட்டினார்கள் என்று சொல்லவில்லை. வருத்தப்பட்டார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். மகள் இதை என்னிடம் சொன்னது ஒரு வருடம் கழித்து. நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. பிறகு போன் போட்டு விசாரித்தபோது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சிஸ்டர், இந்தப் பதிவு சுற்றிச் சுற்றி எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டால், என்னை மன்னித்துவிடுங்கள். உங்களைக் கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். பேத்தி நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்ததும் எல்.கே.ஜி. போகப் போகிறாள். நேற்று பை வாங்கப் போனோம். மஞ்சள் கலரில் வாத்துப் படம் போட்ட பைதான் வேண்டும் என்று கடையில் ஒரே அழுகை. நீங்கள் பாலாடையில் ஊட்டிய தொண்டைதானே, நன்றாகக் கத்துகிறாள்.

என் மாணவிக்கு: உன் கணக்கு சரி. முழு மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்